‘பிசியோ செய்யவும்’ என்ற ஒற்றை வரி

பெரியப்பாவுக்கு ஒருநாள் விடிகாலையில் வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். உயிர் தப்பியதே போதும் என்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பக்கம் முழுக்க மாத்திரைகள். கடைசியில் ஒரே வரி: ‘பிசியோ செய்யவும்.’ என்ன பயிற்சி, யார் சொல்லித்தருவார், தினம் எத்தனை முறை? அதில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல. அவரால் விழுங்க முடிகிறதா என்று வார்டில் யாரும் பார்க்கவில்லை. பெரியம்மா ஆசையாகப் புகட்டிய கஞ்சி புரையேறியது, நிமோனியா வந்தது. எழுப்பி உட்காரவைக்க அட்டெண்டர் விழுந்த கையைப் பிடித்து இழுத்தார்; அந்தத் தோள் இன்னும் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தபின் உறவினர் பேச்சைக் கேட்டு, புறா ரத்தம் தேய்த்தே ஆறு வாரம் போனது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதில் பாதியை நாங்களே தொலைத்தோம்.

கவனிக்க வேண்டியவை

விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்வரை வாய்வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம். தானே புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். படுக்கைப் புண் வந்தால் ஆறுவது கடினம். விழுந்த கையை இழுக்காதீர்கள், தலையணை வைத்துத் தாங்குங்கள். பேச்சு வராதவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அடிக்கடி அழுதால், சாப்பாட்டை ஒதுக்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. மறுபடி வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் உரிமை

நோயின் நிலை, சிகிச்சை, செலவு ஆகியவற்றைப் புரியும் மொழியில் கேட்டறியவும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் உரிமை உண்டு என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனம். பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்துவைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள்.

எங்கே போவது?

குறை இருந்தால் முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். அலட்சியத்தால் பாதிப்பு வந்தால், கட்டணம் செலுத்திய சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டும் இதில் வராது. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ நிலைத்துவிட்டால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து அரசின் சலுகைகளைப் பெறலாம்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். கிராமச் சுகாதாரச் செவிலியர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். வந்தவர் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு பயிற்சிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை முறை என்று குறித்துக் கொடுத்தார். பெரியம்மா அதைக் கட்டிலுக்கு நேரே ஒட்டியிருக்கிறார். இப்போது பெரியப்பா இடது கையால் முட்டுக்கொடுத்து, வலது கையில் டம்ளரைப் பிடிக்கிறார்.

அந்தத் தாளை நாங்கள் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.