மாரியோ பெட்டிக்கு மறுபிறவி

தரமணி டைடல் பார்க்கில் ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவரின் மேசையை எட்டிப் பாருங்கள். மடிக்கணினித் திரையின் ஓரத்தில் ஒரு முழு செல்போன் மிதக்கும். மவுஸால் தட்டினால் திறக்கும். கையில் மட்டும் எடுக்க முடியாது. இதுதான் எமுலேட்டர்: ஓர் இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள். பக்கத்தில் ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி சிப் போன்றவற்றையும், ஆலைக்கு அனுப்பும் முன் இப்படித்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். சக்தி பேசும் ரிஸ்க்-வி மொழி எல்லோருக்கும் பொது. யாரும் கேள்வி கேட்க முடியாது.

அதே வித்தை மாரியோவை ஓட்டும்போது மட்டும் ஏன் வம்பாகிறது?

தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை, நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுக் கேசட்டே 40 கிலோபைட்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது. சிக்கனம் எந்த அளவுக்கென்றால், வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். நிறம்தான் வேறு.

இந்தப் பெட்டியை எமுலேட்டரில் கொண்டுவருவது சுலபம்போலத் தெரியும். கணக்குப் போடும் சிப்பும் படம் வரையும் சிப்பும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் தலைவலி. மாரியோ ஓடும்போது மேலே மதிப்பெண் அசையாமல் நிற்க, கீழே காட்சி மட்டும் நகர்கிறதே, எப்படி? மேலிருக்கும் சின்ன நாணயத்தின் அடிப்பகுதியை வரைந்து முடிக்கும்வரை நிரல் காத்திருந்து, அதன்பிறகே காட்சியை நகர்த்துகிறது. எமுலேட்டர் இந்தக் கணத்தைத் தவறவிட்டால் மதிப்பெண் பட்டை நடுங்கும்; சில சமயம் ஆட்டமே உறைந்துவிடும்.

இந்த உழைப்பைச் சட்டம் பொதுவாக மதிக்கிறது. பிளேஸ்டேஷனைக் கணினியில் ஓட்டிய கனெக்டிக்ஸ் மீது சோனி போட்ட வழக்கில், 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய இடம் தருகிறது.

வில்லங்கம் கேசட்டில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ரோம்' கோப்பு, அதாவது கேசட்டில் இருக்கும் ஆட்டத்தின் நகல், அடுத்தவர் சொத்து. விற்பவருக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே சட்டத்தின் 63பி பிரிவைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினாலே 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லையென்றால், சிறையை விட்டுவிட்டு ரூ.50,000-க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டத்துக்குப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைப்பது தனிக் கணக்கு. 2024-ல் யூசு எமுலேட்டர் நிறுவனம் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்கான ஆட்டங்களின் மறையாக்கத்தை உடைக்க உதவியது என்பதுதான் அங்கே முக்கியப் புகார்.

முறைப்படி வாங்கிய நிரலுக்குக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள அதே 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்தத் தைரியத்தில் பரணில் ஏறி என் பழைய கேசட்டைத் தேடி எடுத்தேன். வழக்கம்போல ஒரு ஊது ஊதிவிட்டு லேபிளைப் பார்த்தேன். '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிண்டெண்டோ என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.