பர்ட்டன் நீரும் பீர்ச் செய்முறையும்

பீர் வகைகளுள் இங்கிலாந்து நாட்டுக்கே உரியதாகப் பெயர் பெற்றது 'பேல் ஏல்' என்பதாகும். வெளிறிய பொன்னிறமும், நாவில் தங்காது நீங்கும் கசப்பும் அதன் இயல்புகள். புகழ் பெற்ற ஆலைகளின் பேல் ஏலைப் போலவே வீட்டில் ஆக்கிப் பார்ப்பது அந்நாட்டாருள் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அதற்கெனவே நகல் செய்முறைகள் எழுதப்பெற்றுள்ளன. ஆயினும், ஏட்டிற் கண்ட பொருள்களைக் கண்ட அளவிலேயே சேர்த்தும் ஆலையின் சுவை அமையாது போவதுண்டு. அதன் காரணத்தைப் பர்ட்டன் என்னும் ஊரின் வரலாறு நன்கு விளக்குகிறது.

நகல் மூலத்தை வென்றது

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயருக்குச் சென்ற பேல் ஏலில் பெரும்பகுதி லண்டனிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையினுடையது. டிரென்ட் ஆற்றங்கரையிலுள்ள பர்ட்டன் நகரத்தார் அக்காலத்தில் ரஷ்ய நாட்டுக்குப் பீர் அனுப்பி வந்தனர். சுங்கவரி உயர்வால் அவ்வணிகம் 1822-இல் நலிந்தது. அந்நிலையில், பர்ட்டன் ஆலைக்காரரான சாமுவேல் ஆல்சாப் என்பவரிடம் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் ஹாட்ஜ்சன் பீரைக் கொடுத்து, அதுபோல் ஆக்க முடியுமா என்று வினவினார். முதற் சோதனை ஒரு தேநீர்க் கெண்டியில் நடந்தது என்று கூறுவர். இக்காலத்தார் 'நகல் செய்முறை' என்று வழங்கும் முயற்சிக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

விளைவு வியப்புக்குரியதாயிற்று. பர்ட்டனில் ஆன நகல், லண்டன் மூலத்தைக் காட்டிலும் தெளிவாகவும் சுவையாகவும் அமைந்தது. ஆல்சாப், பாஸ் முதலிய பர்ட்டன் ஆலைகள் பெருஞ்செல்வம் ஈட்டின. பிரிட்டனின் வணிகக் குறிகளுள் முதல் எண்ணாக 1876-இல் பதிவானது பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணமே ஆகும்.

இப்பொழுது லண்டன் ஆலையினர் பர்ட்டன் பீரைப் பின்பற்ற முயன்றனர். அதே பார்லி, அதே ஹாப்ஸ் பூ. ஆனால் அந்தச் சுவை வரவில்லை. இன்ட் கூப், டிரூமன், சாரிங்டன் போன்ற லண்டன் ஆலைகள் பர்ட்டனிலேயே கிளை அமைக்க நேர்ந்தது. இரகசியம் ஆலையாரின் கைத்திறத்தில் மட்டும் இல்லை. அவ்வூர்க் கிணற்று நீரில் இருந்தது.

நீர் செய்யும் வேலை

தென்னம்பாளையில் சுரக்கும் பதநீரில் சர்க்கரை இயல்பாகவே உண்டு. அது தானே புளித்துக் கள்ளாகும். பார்லியிலோ இருப்பது மாச்சத்து. ஆகவே தானியத்தை ஊறவைத்து முளைகட்டி, பின் உலர்த்தி வெப்பமூட்டி 'மால்ட்' ஆக்குவர். முளைக்கும்போது தானியத்தில் நொதியங்கள் உண்டாகின்றன. மால்ட்டை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால், அந்நொதியங்கள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். ஊறல் சற்றே புளிப்புத் தன்மையோடு இருப்பின் அவை செவ்வனே வேலை செய்யும்.

பர்ட்டன் நிலத்தடிப் பாறையில் ஜிப்சம் மிகுதி. கரும்பலகையில் எழுதும் கட்டிகள் செய்யப் பயன்படும் கல் வகையே இது. அதனூடே ஊறிவரும் கிணற்று நீரில் கால்சியமும் சல்பேட்டும் நிறைந்துள்ளன; லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சல்பேட் அங்குக் காணப்பட்டுள்ளது. கால்சியம், மால்ட்டிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து ஊறலுக்கு வேண்டிய புளிப்பை உண்டாக்கும். ஈஸ்ட் அடியிற் படிந்து பீர் தெளியவும் உதவும். சல்பேட், ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும்.

லண்டன் கிணற்று நீரும் கடினநீரே; ஆனால் அதில் மிகுந்திருந்தது பைகார்பனேட். அது ஊறலின் புளிப்பைக் குறைத்துவிடும். கருக வறுத்த மால்ட் தானே புளிப்புத் தருவதாகையால், கரிய 'போர்ட்டர்' பீருக்கு அந்நீர் பொருந்தியது. வெளிறிய மால்ட்டுக்குப் பொருந்தவில்லை. 1878-இல் வின்சென்ட் என்னும் வேதியியலார், நீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டன் நீரைப் போலாக்கும் முறையைக் கண்டார். இது 'பர்ட்டனாக்கம்' எனப் பெயர் பெற்றது. அதன்பின் பிற ஊர்களிலும் பர்ட்டன் வகைப் பேல் ஏல் ஆக்க வழி பிறந்தது.

வீட்டு முறை

பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டில் பீர் ஆக்குவோரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. 1963-இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. விற்பனைக்கு ஆக்குவதற்கு மட்டும் உரிமம் வேண்டும். பின்னர் டேவ் லைன் 1978-இலும், கிரஹாம் வீலரும் ராஜர் புரோட்ஸும் 1993-இலும் வெளியிட்ட நூல்கள், கடையில் விற்கும் பீர்களை வீட்டில் ஆக்கும் வழிகளைப் பரப்பின.

23 லிட்டர் பேல் ஏலுக்கான பொதுவான அளவு வருமாறு: வெளிறிய மால்ட் 4 கிலோ, நிறமும் இனிமையும் தரும் கிரிஸ்டல் மால்ட் கால் கிலோ, ஃபகிள் அல்லது கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 70 கிராம். இடித்த மால்ட்டை ஏறத்தாழ 11 லிட்டர் வெந்நீரிற் கலந்து, 66 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைப்பர். வெப்பம் இதற்குக் குறைந்தால் பீர் இனிப்பற்று மெலியும். மிகுந்தால் ஈஸ்ட்டால் உண்ண இயலாத சர்க்கரைகள் பெருகிக் கனக்கும். பின் சக்கையை வெந்நீரால் அலசி, வடிந்த இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பர். கசப்புக்காக 50 கிராம் ஹாப்ஸ் கொதியின் தொடக்கத்திலும், மணத்துக்காக எஞ்சிய 20 கிராம் இறுதியிலும் சேர்வன. நெடுநேரம் கொதித்தால்தான் கசப்பு இறங்கும். அவ்வாறு கொதித்தால் மணம் ஆவியாகிவிடும். இதனாலேயே இருமுறை இடுகின்றனர்.

சாற்றை 20 பாகைக்கு விரைந்து ஆற்றி, ஏல் ஈஸ்ட்டைச் சேர்த்து, நன்கு தூய்மை செய்த கலத்தில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நொதிக்க விடுவர். சாற்றின் ஒப்படர்த்தி 1.041-இலிருந்து 1.010-க்கு இறங்கினால், பீரில் ஏறத்தாழ 4 விழுக்காடு மதுச்சத்து உண்டு என்று கணக்கிடலாம். ஒப்படர்த்தி இறங்கி நின்றதை உறுதி செய்த பின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். நொதித்தல் முடியுமுன் அடைத்தால் புட்டி வெடிக்கும்.

இவ்வளவும் செய்தும் சுவை மாறுமாயின், ஆராய வேண்டியவை ஈஸ்ட்டும் நீரும் ஆகும். ஒவ்வோர் ஆலையின் ஈஸ்ட்டும் தனக்கே உரிய மணம் தருவது. வேறு ஈஸ்ட்டால் அதே மணம் வாராது. நீரைச் சீராக்குவது அதனினும் எளிது. உப்புகள் குறைந்த மென்னீர் 30 லிட்டரில், உணவுக்கு ஏற்ற தூய ஜிப்சம் 12 கிராம் கரைத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் கால்சியமும் 220 மில்லிகிராம் சல்பேட்டும் சேரும். நல்ல பேல் ஏலுக்கு அது போதும். பர்ட்டன் நீரின் முழு அளவையும் எட்ட வேண்டுவதில்லை. ஆனால் நீரில் முன்பே கால்சியம் மிகுந்திருந்தால் இந்த அளவு பொருந்தாது. நீரின் தன்மையை அறிந்தே கலக்க வேண்டும்.

செய்முறை எழுதுவோர் விலை கொடுத்து வாங்கும் சரக்குகளைத் தவறாது குறிப்பர். நாள்தோறும் குழாயிலோ கிணற்றிலோ வரும் நீரைக் குறிக்க மறந்துவிடுவர். தம் ஊர் நீரே எல்லா ஊரிலும் உண்டு என்னும் எண்ணம் அதற்குக் காரணம். லண்டன் ஆலைகளை அலைக்கழித்தது அத்தகைய எண்ணமே. ஆதலால், ஒரு செய்முறையைக் கைக்கொள்வோர் அதில் கண்ட அளவுகளோடு, அஃது எந்த ஊரில் எந்த நீரைக்கொண்டு எழுதப்பெற்றது என்பதையும் வினவி அறிதல் நலம்.