மஞ்சள் கண்டபின் மருந்தடித்தால் உளுந்து தேறாது

தை மாதம் விதைத்த உளுந்து முப்பது, முப்பத்தைந்து நாளை எட்டும்போது என் கைபேசிக்கு வரும் படங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பச்சை வயலில் திட்டுத் திட்டாக மஞ்சள். கூடவே ஒரே கேள்வி: "சார், என்ன மருந்து அடிக்கலாம்?"

மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டபோது நானும் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னேன். அடித்தார். பத்து நாள் கழித்து வயலுக்குப் போனால் ஈ குறைந்திருந்தது, மஞ்சள் கூடியிருந்தது. "ஈ செத்துடுச்சு சார், செடியும் போயிடுச்சு" என்றார். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. மஞ்சளான செடியை மீண்டும் பச்சையாக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

மஞ்சள் தேமல் ஒரு வைரஸ் நோய். அதைச் செடிக்குச் செடி சுமந்து போவது வெள்ளை ஈ. நோயுள்ள இலையில் கால் மணி நேரம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் ஈயின் உடலுக்குள் போய்விடும். சில மணி நேரத்தில் அந்த ஈ நோய் பரப்பத் தயாராகிவிடும். அதன்பின் பல நாட்களுக்கு அது உட்காரும் செடிக்கெல்லாம் ஆபத்துதான். நோய் செடிக்குள் நுழைந்து இலையில் மஞ்சள் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முப்பதாம் நாள் நீங்கள் பார்க்கும் மஞ்சள், பதினைந்து இருபது நாள் பயிரிலேயே உள்ளே போனது. விதைத்த மூன்று வாரத்துக்குள் நோய் வாங்கிய செடி காய்க்காமலே போகலாம். காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு குறைவு. நாம் காப்பாற்ற வேண்டியது அந்த முதல் மூன்று, நான்கு வாரங்களைத்தான்.

அதற்கு முதல் வழி ரகம். வம்பன் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகியவை மஞ்சள் தேமலைத் தாங்குபவை. கோ 5 போன்ற பழைய ரகங்களை ஆய்வுத் திடலில் நாங்களே நோய் வரட்டும் என்றுதான் ஒப்பீட்டுக்கு விதைக்கிறோம். அப்படிப்பட்ட ரகத்தைச் சொந்த வயலில் விதைத்துவிட்டு மருந்துக்கு அலைவதில் பொருளில்லை. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் நெல் தரிசில் விதைப்போர், தங்கள் பருவத்துக்கு எந்த ரகம் பொருந்தும் என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு விதை வாங்குங்கள்.

அடுத்தது விதை நேர்த்தி. ஒரு கிலோ விதைக்கு இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். மருந்து 5 மில்லி கலந்து நிழலில் உலர்த்தி, ஒரு நாள் விட்டு, விதைக்கும் முன் ரைசோபியம் கலக்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ரைசோபியம் வீணாகும். கையுறை போடுங்கள், மீந்த விதையைச் சமையலுக்கோ கோழிக்கோ கொடுக்காதீர்கள். இந்த மருந்து இளஞ்செடியின் சாற்றில் ஏறி ஏறக்குறைய மூன்று வாரம் காவல் இருக்கும். வெள்ளை ஈ நோயைக் கொடுக்கச் சிறிது நேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும் என்பதால்தான் இந்தக் காவல் ஓரளவு பலிக்கிறது. மிளகாயில் அசுவினி பரப்பும் தேமல் நோயில் இது எடுபடாது. அசுவினி ஒருமுறை குத்திப் பார்க்கும் சில நொடிகளிலேயே வைரஸ் மாறிவிடும். மருந்து ஈயைக் கொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

மூன்றாவது, எல்லோரும் அலட்சியம் செய்வது: நோய்ச் செடியைப் பிடுங்குவது. விதைத்த பத்தாம் நாளில் தொடங்கி முப்பது நாள் வரை, மூன்று நாளுக்கு ஒருமுறை வயலைச் சுற்றி வாருங்கள். விடியற்காலையில் ஈ மந்தமாக இருக்கும். அப்போது மஞ்சள் புள்ளி கண்ட செடியை மெதுவாகப் பிடுங்கிச் சாக்கில் போட்டுப் புதைத்துவிடுங்கள். வரப்பில் வீசினால் அதிலிருக்கும் ஈ பக்கத்துச் செடிக்குத்தான் போகும். முப்பது நாளுக்கு மேல் வயல் முழுக்க மஞ்சளான பிறகு பிடுங்குவது கூலி நட்டம்.

ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டும் பொறிகளைப் பயிரின் மட்டத்துக்கு வையுங்கள். ஈயை ஒழிக்க அல்ல, அது வந்துவிட்டதா என்று அறிய. இறவை உளுந்து என்றால் ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைக்கச் சொல்வோம். அறுவடைக்கு முன் நெற்பயிருக்குள் விதை தூவும் தரிசு வயலில் அது நடக்காது என்பது எனக்கும் தெரியும். பொறியில் ஈ ஏறினால் 5 சதம் வேப்பங்கொட்டைச் சாறோ, 10 சதம் நொச்சி இலைச்சாறோ அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஈ முட்டையிடுவது அங்கேதான். அதற்கும் அடங்காவிட்டால் ஏக்கருக்கு 40 கிராம் தயமீத்தாக்சாம் 25 டபிள்யூ.ஜி. போதும். பூக்கும் நேரத்தில் தேனீ வரும் காலையில் தெளிக்காதீர்கள், மாலையில் தெளியுங்கள்.

பூச்சி தெரிந்ததும் செயற்கை பைரித்ராய்டு மருந்தை அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று ஈயைப் பெருக்கிவிடும். 1980களில் ஆந்திரப் பருத்தியில் இதைப் பார்த்தோம். 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்தபோது, விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்தடித்தும் பயன் இருக்கவில்லை.

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நம் பகுதியில் காய்கறி ஆண்டு முழுதும் உண்டு. "பக்கத்து வெண்டையில இருந்த மஞ்சள்தான் என் உளுந்துக்கு வந்துச்சு" என்று சண்டை போட்டவர்களையும் கண்டிருக்கிறேன். வெண்டையின் நரம்பு மஞ்சள் வைரஸ் வேறு, உளுந்தின் வைரஸ் வேறு. ஆனால் ஈ ஒன்றே. வெண்டை ஈயை வளர்க்கும். நோயைக் கொடுப்பது தானாக முளைத்த உளுந்து, பச்சைப்பயறுச் செடிகள். வரப்பிலுள்ள துத்தியும் ஈக்குப் புகலிடம். விதைப்புக்கு முன் இவற்றை அகற்றுங்கள். தென்னையில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இன்னொரு இனம். அதற்கும் உளுந்து மஞ்சளுக்கும் தொடர்பில்லை.

வெண்டைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசிப் பறிப்புக்கென்று மஞ்சளான பழைய வெண்டையை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்துப் பக்கத்திலேயே புது விதை ஊன்றுகிறீர்கள். அந்தச் சில கிலோ காய்க்காகப் புதுப் பயிர் முளைக்கும்போதே நோய் வாங்குகிறது. ஒருகாலத்தில் நோயைத் தாங்கிய அர்கா அனாமிகா ரகமே இப்போது பல இடங்களில் மஞ்சளாகிறது. ரகம் சந்தேகமாக இருந்தால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் அருகில்தான் இருக்கிறது.

விதைப்புத் தேதி மட்டும் ஒருவர் கையில் இல்லை. வெயில் ஏற ஏற ஈ பெருகும். தையில் விதைத்த வயலில் மஞ்சள் பிடித்திருக்கும்போது, பக்கத்தில் மாசிக் கடைசியில் விதைத்தால் ஈ நேராக அந்த இளம் பயிருக்கு வரும். ஒரு வாய்க்கால் பாசனத்தில் உள்ளவர்கள் பத்து நாளுக்குள் விதைப்பை முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் முறை வைக்கக் கூடும் அதே கூட்டத்தில் இதையும் பேசி முடிவு செய்யலாம்.