கறிக்கடைக்காரரின் வம்சாவளி

விக்டோரியா மகாராணியார் காலத்தில் லண்டன் நகரத்தின் ஏதோ ஒரு சந்தில் மாமிசம் விற்றுப் பிழைத்த ஒருவருடைய சந்ததியார், தம் முன்னோர் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளோடு குடியிருந்தார், எத்தனை ஏவலாட்களை வைத்துத் தொழில் நடத்தினார் என்று இன்றைக்கு அறிய விரும்பினால், 1837ஆம் ஆண்டு தொடங்கிய பிறப்பு இறப்புப் பதிவுகளும், 1841 முதல் பத்தாண்டுக்கொரு முறை வீடுவீடாகப் பெயர் சொல்லி எழுதப்பட்ட ஜனத்தொகை ஏடுகளும், தொழில் விலாசப் புத்தகங்களும் அவருக்குக் கைகொடுக்கின்றன. 1605ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் சாசனம் பெற்ற கசாப்புக்காரர் சங்கமே லண்டனில் இருக்கிறது. அதன் ஏடுகளில், யார் யாரிடம் தொழில் பழகினான் என்பதுகூடக் கிடைக்கும்.

அதே காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஆட்டுக்கறி விற்றவரை இப்படித் தேடப் புறப்படுவோருக்கு, 1871ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட குடிமதிப்பு ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது. இன்ன ஜில்லாவில் இன்ன தொழிலுக்கு இத்தனை பேர் என்று தொகை மாத்திரம் அச்சேறியதேயன்றி, ஆளின் பெயர் தாங்கிய வீட்டுத் தாள்களைப் பாதுகாத்து வைக்கும் வழக்கம் இங்கே ஏற்படவில்லை. ஆண்டாளின் திருக்கோயிலில் மான்யம் பெற்றவருக்கும், பாளையக்காரருக்கும், நிலம் வைத்திருந்த மிராசுதாருக்கும் ஏடும் பட்டயமும் உண்டு. கறி வெட்டும் அடிக்கட்டைக்குப் பின்னால் நின்றவருக்கு அவை எவ்விதம் வரும்?

அந்தத் தொழிலோ ஊர் ஊராய்க் கிளை பரப்பியது. கரிசல் காட்டில் கிடை போட்ட கோனார்களின் ஆடுகளும், கறுத்த மேனியில் வெள்ளைக் கோடு விழுந்த கன்னி ஆடுகளும் சந்தைக்கு வரும். எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை இன்றும் பேர்பெற்றது. ஆட்டைப் பிடித்துவந்து, பிஸ்மில்லாச் சொல்லி அறுத்து, கறியை ஊருக்கும் தோலை வியாபாரிக்கும் விற்றவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியக் குடும்பத்தார்; வேறு சில சமூகத்தாரும் உண்டு. தோல் திண்டுக்கல் முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்பட்டுக் கப்பலேறியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் கால்நடைகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தபோது மாகாணத்தின் தோல் ஏற்றுமதி பெருகியதென்பது சரித்திரம். ஊரே வாடிய காலத்தில் தோலுக்கு மட்டும் கிராக்கி இருந்தது.

கடையின் தோற்றம் நூறாண்டில் அதிகம் மாறியதாகத் தெரியவில்லை. நடுப்பகுதி கிண்ணம்போல் குழிந்துபோன புளியமரத்து அடிக்கட்டை. கொக்கியில் தலைகீழாய்த் தொங்கும் உரித்த உடல். வாங்க வந்தவர் வெள்ளாடா செம்மறியா என்று சந்தேகிக்காதபடி, வால் நுனியில் மாத்திரம் மயிர் நீக்காமல் விட்டிருக்கும் சாமர்த்தியம். தொடை நுனியில் நகராட்சி ஆட்டுத்தொட்டியில் குத்திய மங்கலான முத்திரை. பற்று நோட்டைப் புரட்டினால், புரட்டாசி மாதத்துப் பக்கங்கள் மெலிந்தும் தீபாவளிப் பக்கங்கள் கொழுத்தும் இருக்கும். அந்த நோட்டுகளை யாரும் ஓராண்டுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. பாக்கி வசூலானதும் அடுப்புக்குப் போய்விடும்.

நல்லபடியாக வாழும் எந்தக் குடும்பமும் தன் வரலாற்றை எழுதி வைப்பதில்லை, வழக்கு வந்த பின்னரே வம்சாவளி பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சிறந்த உதாரணம் இங்கிலாந்திலேயே இருக்கிறது. லண்டன் துறைமுகத்தையடுத்த வாப்பிங்கில் கசாப்புக்கடை வைத்திருந்த ஜார்ஜ் ஆர்ட்டனுக்குப் பிள்ளைகள் பன்னிருவர்; கடைக்குட்டி ஆர்தர் கப்பலேறிச் சிலி நாட்டில் இறங்கி, ஊர் திரும்பி, பின் ஆஸ்திரேலியாவுக்குப் போய், வாகா வாகா என்ற ஊரில் தாமஸ் காஸ்ட்ரோ என்னும் பெயரோடு கறி வெட்டிக்கொண்டிருந்தான். 1854இல் கடலில் மூழ்கிய ரோஜர் டிச்பார்ன் என்ற பிரபுகுமாரனைத் தேடி அவன் தாய் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய, ‘நானே அவன்’ என்று 1866இல் இவன் கிளம்பினான். தாயார் இவனைத் தன் மகன் என்றே ஒப்புக்கொண்டுவிட்டாள். எதிர்த்தரப்பார் அமர்த்திய விச்சர் என்ற துப்பறிவாளரோ, லண்டன் வந்திறங்கிய அதே கிறிஸ்துமஸ் நாளில் இவன் வாப்பிங்குக்குப் போய் ஆர்ட்டன் குடும்பத்தாரைப் பற்றி விசாரித்ததைக் கண்டுபிடித்தார். பிறகு நடந்த கிரிமினல் விசாரணை மட்டும் 188 நாள் நீடித்து, 1874இல் பதினான்கு வருஷத் தண்டனையில் முடிந்தது. அந்தச் சாதாரணக் கறிக்கடைக் குடும்பத்தின் அண்ணன் தம்பி, அயலார், பழைய காதலி வரையில் அத்தனை பேரும் சாட்சிக் கூண்டிலும் வாக்குமூலத்திலும் வந்து போனார்கள். டிச்பார்ன் வீட்டார் பணத்தைக் கொட்டி ஆர்ட்டன் வீட்டாருக்குச் சரித்திரம் எழுதிக் கொடுத்தார்கள் என்றால் மிகையாகாது.

நம் பக்கத்தில் பிரபுக்களின் வழக்கு வேண்டாம். பங்காளிச் சண்டை போதும். பாகப்பிரிவினைக் கேஸ் ஒன்றில் வாதி தாக்கல் செய்த பிராதுடன் இணைந்திருக்கும் வம்சாவளிப் பட்டியில், எந்தப் பாட்டியும் சொல்லாத இரண்டாம் தாரமும், சிறு வயதில் இறந்த மகனும் இடம்பெற்றிருப்பார்கள். ஆனால் காகிதத்தைத் தேடிப்போகும் இடம்தான் காலத்துக்குக் காலம் மாறும். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910 வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது; அவ்வாண்டில் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதனுடன் போயிற்று; 1985இல் விருதுநகர் மாவட்டம் பிறந்ததும் அதற்குள் வந்தது. ஆகவே பாட்டனார் காகிதத்தை ஓரிடத்திலும் அவர் தகப்பனார் காகிதத்தை வேறோரிடத்திலும் தேட நேரிடும். இன்று விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பது உள்ளூராருக்கு ஒரு சௌகரியம். விக்டோரியா காலத்து விவகாரத்துக்கோ திருநெல்வேலியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொரு களஞ்சியம் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊருக்கு ஊர் எழுதப்பட்டு வந்த இந்த ஏடுகளில் மாப்பிள்ளை, பெண், இரு தரப்புத் தகப்பன்மார், சாட்சிகள், மஹர்த் தொகை ஆகியவை காணப்படும். பெண் கடையநல்லூரா தென்காசியா என்பதைப் பார்த்தாலே குடும்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் நாட்டுச் சம்பிரதாயமாதலால், மைதீன் மகன் அப்துல் காதர், அப்துல் காதர் மகன் மைதீன் என்று பெயர்கள் மாறிமாறியே வரும். இங்கிலீஷ்காரருக்குள்ள குடும்பப் பெயரும் நம்மிடம் இல்லை. ஏட்டின் வருஷத்தைக் கவனியாதவர் பேரனைப் பாட்டனாக்கி, இரண்டு தலைமுறைகளையே விழுங்கிவிடுவார்.

1894இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி ஏற்பட்டதிலிருந்து ஆட்டுத்தொட்டியும் கடை லைசென்சும் அதன் பொறுப்பு. ராஜபாளையம் நகராட்சியானது வெகு காலத்துக்குப் பின். கறையானுக்குத் தப்பிய லைசென்சுப் புத்தகம் அகப்பட்டால் அதிர்ஷ்டந்தான்.

பத்திரப்பதிவு அலுவலகமே இவை எல்லாவற்றிலும் நம்பத்தக்கது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற விதி 1860களிலேயே வந்துவிட்டது. பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவரின் மதமும் ஜீவனமும் சேர்த்து எழுதுவதும் உண்டு. ஆனால் கறிக்கடைக்காரர் தம் ஜீவனத்தை ‘வியாபாரம்’ என்று பொதுப்படச் சொல்லிவிட்டால் எழுத்தரும் அப்படியே எழுதிவிடுவார். இந்த நாணம் இன்றைய கலியாணப் பத்திரிகை வரையில் தொடர்கிறது. வாடகை இடத்தில் கடை நடத்தியவரோ பத்திரமே எழுதியிருக்கமாட்டார். எனினும் விற்ற இடத்துக்கு நான்கெல்லை சொல்லும்போது ஊர் வழங்கும் பெயரைச் சொல்லாமல் தீராது. ‘கறிக்கடை இன்னார் வீட்டுக்குக் கிழக்கு’ என்று வேறொருவருடைய பத்திரத்தில் அவர் தொழிலோடும் பெயரோடும் நிற்பார். ஆகையால் பதிவு அலுவலகத்தில் தேடுகைக்கு மனுப் போடுகிறவர் தம் முன்னோரின் பெயரோடு நிறுத்திவிடாமல், அண்டை வீட்டார் பெயர்களையும் தெருப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது.