முடிவில்லாப் பட்டியலில் பன்னிரண்டே அட்டைகள்

பினாங்கு சாலைப் பக்கமிருந்து சூலியா தெருவுக்குள் நுழைகிறீர்கள். முனையிலேயே லைன் கிளியர் நாசி கண்டார் கடை. சற்று நடந்தால் லவ் லேன் சந்து, பழைய கடைவீடுகள், பொழுது சாய்ந்தால் வான்தான் மீ ஒட்டுக்கடைகள். பிட் தெருவில் திரும்பினால் 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். திரும்பாமல் நேரே போனால் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்களின் பெயரைத் தாங்கிய தெரு இது. தெரு நீளமானதுதான். ஆனால் எந்த நொடியிலும் உங்கள் கண்ணில் படுவது சில கடைகள் மட்டுமே.

கைப்பேசியில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் படங்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ளே அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் போலத் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய ஒரு டஜன் அட்டைகளே திரும்பத் திரும்ப வேலை செய்கின்றன. எப்படி என்று பார்க்க, நீங்களே ஒரு செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சூலியா தெருவில் எடுத்த படங்களை யார் வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை. அட்டையில் படம், கடையின் பெயர், இரண்டு வரி விவரம். படங்கள் 1000 சேர்ந்துவிட்டன.

முதலில் தோன்றும் வழி, 1000 அட்டைகளையும் ஒரேயடியாக உருவாக்கி அடுக்குவது. கணக்குப் போடுங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4000க்கு 3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கோப்பாக இருக்கும்போது அது சுருங்கிக் கிடக்கும். திரையில் காட்டுவதற்காக விரித்தால் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் ஆகிவிடும். ஆயிரம் படங்களுக்கு 48 கிகாபைட்! உங்கள் கைப்பேசியின் செயல்நினைவகம் 4 அல்லது 8 கிகாபைட் இருக்கும். கால்வாசிகூட ஏற்றி முடிப்பதற்குள் இயங்குதளம் செயலியை மூடிவிடும். சில செயலிகள் திடீரென்று மறைந்து முகப்புத் திரை வருவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அட்டையில் படத்துக்கு உள்ள இடம் 400க்கு 300 புள்ளிகள்தான் என்றால், அந்த அளவுக்குச் சிறிதாக்கி விரித்தாலே போதும். அப்போது ஒரு படம் 0.48 மெகாபைட், நூறில் ஒரு பங்கு. திரையில் தெரியும் அட்டைகளும் மேலும் கீழும் காத்திருப்பவையுமாக 12 மட்டும் வைத்துக்கொண்டால் மொத்தம் 6 மெகாபைட்டைத் தாண்டாது.

மீதி 988 அட்டைகள்? அவற்றை உருவாக்கவே வேண்டாம். நாசி கண்டார் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். அதற்காகக் கடைக்காரர் நூற்றுக்கணக்கில் தட்டு வாங்கி வைப்பதில்லை. சாப்பிட்டு முடித்த தட்டு பின்பக்கம் போய்க் கழுவப்பட்டு அடுத்தவருக்கு வருகிறது. பட்டியலிலும் மேல் விளிம்பைத் தாண்டி மறையும் அட்டையை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக் கீழ் விளிம்பில் மறுபடி நுழைக்கிறார்கள். ஐபோனில் தொடக்க காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த இதற்கான கருவியின் பெயரே ‘ரீசைக்கிளர்வியூ’ என்பதுதான்.

தட்டைச் சரியாகக் கழுவாவிட்டால்? பழைய குழம்பு ஒட்டியிருக்கும். வேகமாகத் தள்ளும்போது ஓர் அட்டையில் வேறொரு படம் ஒரு கணம் தோன்றிப் பிறகு சரியான படம் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த அட்டை முன்பு சுமந்திருந்த படம் அது. இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. 12ஆம் பதிவின் படத்தைக் கேட்டுவிட்டு அட்டை காத்திருக்கிறது. இணையம் மெதுவாக இருக்கிறது. அதற்குள் அதே அட்டை 24ஆம் பதிவுக்குப் போய்விட்டது. இப்போது தாமதமாக வந்து சேரும் 12ஆம் படம் 24ஆம் பதிவின் மேல் உட்கார்ந்துவிடும். மீன் தலைக்கறி கேட்டவருடைய சாப்பாடு, அவர் எழுந்து போன பின் அதே மேசையில் வந்து அமர்ந்தவருக்குப் போவதைப் போல. படத்தை வைக்கும் முன் ‘இந்த அட்டை இப்போது யாருடையது?’ என்று எண்ணைச் சரிபார்ப்பதே இதற்குத் தீர்வு. ஒரே ஒரு வரி நிரல்தான். அது விடுபட்டுப்போகும் செயலிகள் ஏராளம்.

இனி வேகம். பெரும்பாலான கைப்பேசித் திரைகள் ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகின்றன. 1000 மில்லிநொடியை 60ஆல் வகுத்தால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 120 முறை வரையும் திரையில் 8.3தான். அந்த நேரத்துக்குள் அட்டையை நிரப்பி, அளந்து, வரைந்து முடிக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய சட்டகமே இன்னொரு சுற்று நிற்கும். நம் கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும். பட்டியல் விக்குவதைப் போல் இருக்கும்.

ஆகவே திரையை வரையும் முதன்மை இழைக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. முன்னால் நின்று சோறு போடுபவரையே சந்தைக்கும் அனுப்பினால் வரிசை நகருமா? படத்தை இறக்குவது, சிறிதாக்குவது போன்றவற்றைப் பின்னணியில் வேறு இழைகள் செய்ய வேண்டும்.

எழுத்தை வரைவது சுலபம் என்று நினைக்காதீர்கள், அதுவும் தமிழில். ‘சூலியா தெரு’ என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்துகள். யூனிகோடில் அது ச, ூ, ல, ி, ய, ா என்று தொடங்கி, இடைவெளியையும் சேர்த்து 11 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 31 பைட்டுகள். ‘லெபோ சூலியா’ என்ற மலாய்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 12 பைட்டுகளே. அதோடு ‘தெ’யில் கொம்பு, நினைவகத்தில் தகரத்துக்குப் பின்னால் இருக்கும், திரையில் முன்னால் வர வேண்டும். ‘சூ’, ‘லி’, ‘ரு’ ஆகியவற்றுக்குச் சேர்ந்த வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். இதைச் செய்து முடித்த பிறகுதான் பெயர் ஒரு வரியில் அடங்குமா, இரண்டாக மடியுமா என்பதே தெரியும். ஒரு பெயருக்கு இது மிகச் சிறிய வேலைதான். ஆனால் நீண்ட விவரங்கள் உள்ள அட்டைகள் அடுத்தடுத்து நுழையும்போது மில்லிநொடிகள் கரையும். ஒருமுறை அளந்ததைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. (ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவில் ‘எம்என்’ என்பது நம் மலேசியரான முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். ஐபோன் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.)

நீங்கள் ஒரு பதிவைத் தொடப் போகும்போது மேலே ஒரு படம் தாமதமாக வந்து விரிந்து, எல்லாமே கீழே நழுவி, விரல் வேறெதையோ தொட்டுவிடுகிறதா? அட்டையின் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்காததன் விளைவு அது. படம் வருவதற்கு முன்பே அதன் அகலத்தையும் உயரத்தையும் வழங்கி அனுப்பிவைத்தால், செயலி அந்த இடத்தைச் சாம்பல் நிறப் பெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வழங்கியிடம் எப்படிக் கேட்பது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1000 பதிவுகளையும் ஒன்றாகக் கேட்காமல் இருபது இருபதாகக் கேட்போம். முதல் 20 வந்தன. அடுத்து, ‘முதல் 20ஐ விட்டுவிட்டு அதன்பின் 20 கொடு’ என்கிறீர்கள். அந்த இடைவேளையில் யாரோ ஒருவர் புதிய படம் சேர்க்கிறார். அது உச்சியில் நுழைகிறது. இப்போது பழைய 20ஆம் பதிவு 21ஆம் இடத்துக்குப் போய்விட்டது. ஏற்கெனவே பார்த்த படமே மறுபடி வரும். யாராவது ஒரு படத்தை நீக்கினால் நேர்மாறாக ஒரு பதிவு கண்ணில் படாமலே போய்விடும்.

சூலியா தெருவில் ஒருவர் உங்களிடம் வழி கேட்டால் ‘இருபதாவது கடைக்கு அடுத்தது’ என்றா சொல்வீர்கள்? இடையில் ஒரு கடை இரண்டாகப் பிரிந்தால்கூட அந்த வழி தப்பாகிவிடும். ‘நாகூர் தர்காவைத் தாண்டி அடுத்தது’ என்பீர்கள். செயலியும் எண்ணிக்கையைச் சொல்லாமல் அடையாளத்தைச் சொல்ல வேண்டும்: ‘கடைசியாகக் கிடைத்த இந்தப் பதிவுக்கு அடுத்த 20ஐக் கொடு.’ தலைமாட்டில் எத்தனை சேர்ந்தாலும் இது பிசகாது.

இந்தக் கேள்வியை எப்போது கேட்பது? கடைசி அட்டை தெரிந்த பிறகு கேட்டால் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சோற்றுப்பானையின் அடி தெரியும் முன்பே உள்ளே குரல் கொடுப்பதைப் போல, ஐந்தாறு அட்டைகள் மீதம் இருக்கும்போதே கேட்டுவிடுவார்கள். சீக்கிரமாகக் கேட்பதும் நல்லதல்ல: பயனர் பார்க்கவே போகாத படங்களுக்கு அவருடைய டேட்டா செலவாகும்.

விரலை எடுத்த பிறகும் பட்டியல் ஓடி மெல்ல நிற்கிறதே, அதில் படிவம் 4 இயற்பியல் இருக்கிறது. கேரம் பலகையில் சுண்டிய காய் ஏறக்குறைய மாறாத உராய்வால் நிற்கிறது. அதன் வேகம்–நேர வரைபடம் நேர்கோடாக இறங்கும். ஐபோனின் பட்டியல் அப்படி இல்லை. அதன் வழக்கமான விதிப்படி ஒவ்வொரு மில்லிநொடியிலும் வேகம் முந்தையதைப்போல் 0.998 மடங்காகிறது. 0.998ஐ 1000 முறை பெருக்கிப் பாருங்கள்: ஒரு நொடியில் சுமார் 13.5 விழுக்காடு வேகமே மிஞ்சும். முதலில் சட்டென்று குறைந்து பிறகு மெல்லத் தேயும் வளைகோடு அது. எண்ணெய்க்குள் போகும் சிறு மணியின் ஓட்டத்தைப் போன்றது. இதில் செயலிக்கு ஓர் ஆதாயமும் உண்டு. விரல் விலகிய கணத்திலேயே பட்டியல் எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். வேகத்தை 500 மில்லிநொடியால் பெருக்கினால் ஏறக்குறைய அந்தத் தூரம் கிடைக்கும். நடுவில் பறந்துபோகும் படங்களை விட்டுவிட்டு, நிற்கப்போகும் இடத்துப் படங்களை முதலில் இறக்கலாம்.

இவ்வளவும் ‘எப்படி’. முடிவு வேண்டுமா, வேண்டாமா என்பது தனிக் கேள்வி. முடிவில்லாமல் தள்ளும் முறையை 2006இல் வடிவமைத்தவர் அமெரிக்கரான ஏசா ராஸ்கின். அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தும் சிரமத்தைக் குறைப்பதே நோக்கம். ஆனால் அந்தப் பொத்தான் ‘போதுமா?’ என்று கேட்கும் இடமாகவும் இருந்தது. அது போனதும் மக்கள் நிறுத்த மறந்தார்கள். தாம் செய்ததற்காக ராஸ்கினே பின்னாளில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். மேலே சொன்ன ஒவ்வொரு நுட்பமும் பட்டியலில் தடங்கலை நீக்குகிறது. தடங்கல் குறையக் குறைய, நிறுத்துவதற்கான இடமும் குறைகிறது. பரீட்சைக்கு முந்தின இரவு உங்களில் பலர் இதை அனுபவித்திருப்பீர்கள். அது உங்கள் மனவலிமையின் குறை மட்டுமல்ல, வடிவமைப்பின் வேலையும்கூட.

உங்கள் செயலியில் என்ன செய்வீர்கள்? நான் எழுதினால் கடைசி அட்டை ஒன்றை வைப்பேன்: ‘கடற்கரைத் தெரு வந்துவிட்டது. படங்கள் முடிந்தன.’ ஆயிரம் படங்களுக்கு முடிவு உண்டு, அதை மறைப்பானேன்?

இன்று வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதேனும் ஒரு படச் செயலியைத் திறந்து நாலைந்து பதிவுகள் தள்ளிய பிறகு விமானப் பயன்முறையைப் போடுங்கள். பிறகு தொடர்ந்து தள்ளி, படம் வராமல் சாம்பல் பெட்டியோ சுழலும் வட்டமோ தோன்றும்வரை எத்தனை பதிவுகள் வந்தன என்று எண்ணுங்கள். செயலி முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தது அவ்வளவுதான். இரண்டு மூன்று செயலிகளில் செய்து எண்ணிக்கையை அட்டவணையாக எழுதி வாருங்கள். வைஃபையிலும் கைப்பேசி டேட்டாவிலும் தனித்தனியாகச் செய்தால் எண்கள் மாறுகின்றனவா என்றும் பார்க்கலாம்.