பாகமெல்லாம் மாத்தினா அது தாத்தாவோட கார்தானா? - ஒரு விளக்கம்

கச்சிராயபாளையத்தில் தாத்தா வீட்டுக் கொட்டகையில் 1960-களின் ஃபியட் ஒன்று கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். "சோழவரத்துல ரேஸ் ஓடின வண்டிடா" என்கிறார் தாத்தா. இதை எப்படி நிரூபிப்பது?

எங்கே தேடணும்?

முதலில் சேஸிஸ் எண், இன்ஜின் எண். இரண்டும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகணும். முந்தைய ஓனர்கள் பெயரும் அதில்தான் கிடைக்கும். கள்ளக்குறிச்சிப் பகுதி 1993 வரை தென் ஆர்க்காடு மாவட்டம். ஸோ, பழைய ஆவணங்களுக்குக் கடலூர் வரை போக வேண்டியிருக்கலாம். ரேஸுக்குச் சாட்சி, பழைய போட்டோவும் நாளிதழ் செய்தியும்தான்.

கோர்ட்டுக்குப் போன கார்

1929, 1930 லீ மான்ஸ் ரேஸ்களில் ஜெயித்தது பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்'. 1990-ல் 1 கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. பிறகு, 'இது அசல் இல்லை' என வாங்குபவர் தரப்பு பின்வாங்க, வழக்கு லண்டன் நீதிமன்றம் போனது. 1929-ம் ஆண்டின் பாகங்கள் காரில் சொற்பமே. ஆனாலும், வரலாறு அறுபடாமல் தொடர்வதால் அதே கார்தான் என்றது தீர்ப்பு.

நம்ம ஊர் விதி?

2021 விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

அதனால் ஒர்க்‌ஷாப்புக்கு விடும் முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுங்க. கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. முக்கியமா, தாத்தா சொல்வதை இன்னிக்கே போனில் ரெக்கார்டு பண்ணிடுங்க.