பிறந்த ஊரும் சொந்த ஊரும்

"உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் தோழியர் மதுரை என்பர், தஞ்சை என்பர். நாங்கள் பிறந்தது மயிலாப்பூரில். ஆயினும் எங்கள் வீட்டில் 'ஊர்' என்றால் அது மன்னார்தான். அந்த ஊரை நாங்கள் கண்டதில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் மூண்ட இனக்கலவரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதன்பின் போர் வளர்ந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆகவே மக்கள் படகேறினர். 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆண்டுகள் பலவாக இப்படி வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். 1990-இல் வந்தவர்களுள் எங்கள் அம்மாவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது ஆறு. மண்டபம் முகாமில் தங்கிப் பின் சென்னைக்கு வந்தார்கள். முகாமுக்கு வெளியே வாழ்வோர் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கடமையை எங்கள் வீட்டில் ஒருவரும் மறப்பதில்லை.

போரை நாங்கள் பார்க்கவில்லை என்றாலும் அது வீட்டில் இருக்கிறது. தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் அம்மம்மா சன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரோரம் அமர்ந்துகொள்வார். சாந்தோம் ஆலயத்தில் முழந்தாளிட்டாலும் அவர் மன்றாடுவது மடு மாதாவிடம்தான். 1999-இல் அந்த மடு ஆலய வளாகத்திலேயே எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் இறந்தனர். மொழியும் இரண்டாகிவிட்டது: வீட்டில் 'ஓம்', பள்ளியில் 'ஆமாம்'. முதல் வகுப்பில் வருகைப்பதிவின்போது 'ஓம்' என்று சொல்லிவிட, மந்திரம் ஓதுவதாக எண்ணி வகுப்பே சிரித்தது!

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இந்திய மண்ணில் பிறந்தவர் எல்லாரும் இந்தியக் குடிமக்கள் அல்லர். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகியது: மற்றவரும் சட்டவிரோதமாக வந்தவராயிருத்தல் ஆகாது. எங்கள் அப்பாவும் இலங்கையரே. மயிலாப்பூரில் பிறந்தோம் என்ற மாநகராட்சிச் சான்றிதழ் கையிலிருந்தும் நாங்கள் இந்தியர் அல்லோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோர்க்கு வழி திறந்தது. அம்மூன்றில் இலங்கை இல்லை.

மண்டபத்தில் 1986-இல் பிறந்த பெண்மணி ஒருவர் உயர் நீதிமன்றம் சென்று 2022-இல் கடவுச்சீட்டு பெற்றார். 2024 தேர்தலில் வாக்கும் அளித்தார். அச்செய்தியை அம்மா கத்தரித்து வைத்திருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் அது பொருந்தாது என்பது அம்மாவுக்குத் தெரியும்.

திரும்பிப் போகலாமே என்பர் சிலர். போனவர்களும் உண்டு. நாங்கள் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, அந்நாட்டுக் குடியுரிமைச் சான்றும் பெற வேண்டும். அதற்கான விண்ணப்பங்களை இவ்வாண்டு அப்பா வாங்கி வந்தார். "வடிவாய் எழுது பிள்ளை" என்றார் அம்மம்மா. அழகாக, பிழையின்றி எழுது என்பது பொருள். பெயர் எழுதினோம், பிறந்த தேதி எழுதினோம். நிரந்தர முகவரி என்ற இடத்தில் மன்னாரா, மயிலாப்பூரா என்று அப்பாவும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.